பொன்முடிக்குப் போகாத வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி முதன்முதலாகச் செய்த காரியம், ஆரத்தித் தட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்ததுதான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் பிறந்த ஊர் வோல்கா நதிக்கரையில் இருக்கிறது. அங்கே புது மருமகளோ முக்கியமான விருந்தாளியோ வந்தால் வாசலில் தட்டோடு நின்று வரவேற்பார்கள். தட்டில் பெரிய ரொட்டி, அதன் நடுவில் உப்பு. வந்தவர் ஒரு துண்டு பிய்த்து, உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொள்ளாவிட்டால் வீட்டாரை அவமதித்ததாக அர்த்தம். கரமனை அக்ரகாரத்தில் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வந்து நின்றதும், இவள் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்துவிட்டாள்.

"ஐயையோ, அதைக் குடிக்கப்படாதுன்னு சொல்லுடா!" என்று அம்மா கத்தினாள். எதிர்வீட்டு மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் பாதிப்பேர் வாசலில்தான் நின்றார்கள். வெள்ளைக்கார மதாம்மா வந்திருக்கிறாள் என்று செய்தி எங்கள் டாக்ஸிக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று உதட்டில் சுண்ணாம்போடு என் மனைவி கேட்டாள்.

"ரொம்ப சந்தோஷப்படுகிறாள்" என்றேன்.

மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடுகிற தொழில். அது எழுபதுகளின் கடைசி. மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு டிராக்டர் பழுதுபார்ப்பதிலிருந்து குழந்தைகளின் பல் பராமரிப்பு வரை எது கையில் கிடைத்தாலும் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சொல்லை விட்டால் மேலே இருப்பவர் பிடித்துவிடுவார். கரமனையில் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மாத விடுமுறையில் நான் பயந்ததுபோல் எந்த அலுவலகத்திலும் பயந்ததில்லை. யாராவது வாயைத் திறந்தால் போதும், இதில் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து அவளை முதன்முறையாக அழைத்து வந்திருந்தேன். அப்பா என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்தி அதே நான்கு வருஷம் ஆகியிருந்தது. கோபமெல்லாம் காட்டமாட்டார். ஒரே அறையில் என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "அவன் காபி குடிச்சானான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். "குடிச்சாச்சுன்னு சொல்லு" என்று நானும் அம்மாவிடம் சொல்வேன். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அதைவிடப் பெரிய கலக்கம் என் தங்கை. அவளுக்கு இருபத்தொன்பது வயது முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பார்க்க லட்சணமாக இருப்பாள், வாய் கொஞ்சம் துடுக்கு. நான் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஜாதகம் பொருந்தும், பெண்ணைப் பிடிக்கும், அப்புறம் யாராவது ஒருவர் போய், "அண்ணா ருஷ்யாக்காரியைப் பண்ணிண்டுட்டானாமே" என்று காதில் போடுவார். அத்தோடு சரி. இதை யாரும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

இந்த நிலைமையில் வீட்டுக்குள் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போய்விட்டது. ஒத்துப்போனது சமையலிலும் இல்லை, பக்தியிலும் இல்லை. சகுனத்தில்.

முதலில் தெரியவந்தது வாசற்படி விஷயம். அஞ்சல்காரர் படிக்கு வெளியே நின்று கடிதத்தை நீட்ட, உள்ளே நின்ற என் மனைவி தலையை ஆட்டி மறுத்து, படியைத் தாண்டி வெளியே போய் வாங்கிக்கொண்டாள். "ஏண்டா, வாசப்படிக்குக் குறுக்கே வாங்கப்படாதுன்னு நீ சொல்லிக் குடுத்தியா?" என்று அம்மா கேட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் ஊரிலும் கூடாதாம். அப்புறம் நான் ஏதோ நினைவில் விசிலடிக்க, இரண்டு பேரும் இரண்டு மொழியில் ஒரே சமயத்தில் என்னை அதட்டினார்கள். வீட்டுக்குள் விசிலடித்தால் காசு தங்காது என்பது வோல்கா கரையிலும் தெரிந்திருக்கிறது. காலிக் குடத்தோடு யாராவது எதிரே வந்தால் திரும்பிவிட வேண்டும், மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வந்தால் உடனே கிளம்பக்கூடாது, இப்படி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன்.

"நம்மளைவிட ஆசாரமா இருப்பா போலிருக்கே" என்றாள் அம்மா. ஆனால் குளித்து மடியாக இருக்கும்போது இவள் மேலே பட்டுவிட்டால் பேசாமல் போய் மறுபடி குளித்துவிட்டு வருவாள். "உங்கள் அம்மாவுக்கு இந்த வெக்கை தாங்கவில்லை, பாவம்" என்று என் மனைவி சொல்வாள். "ஆமாம், ரொம்ப வெக்கை" என்பேன்.

ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் ஒரு சாயாக்கடை. கடைக்காரர் சிவப்புக் கொடிக் கட்சி. என் மனைவியைக் கண்டதும் பெஞ்சிலிருந்து எழுந்து கை முஷ்டியை உயர்த்தி, "சகாவே! தோழரே!" என்றார். "உங்க நாட்டுல மூடநம்பிக்கையே கிடையாதாமே? எல்லாம் சயன்ஸ்தானே?" என்று என்னிடம் கேட்டார். அதே நேரம் ஒரு கறுப்புப் பூனை ரோட்டைக் கடந்தது. என் மனைவி சட்டென்று நின்று, இடது தோளுக்குப் பின்னால் தூ தூ தூ என்று மூன்று தடவை துப்பினாள். கடைக்காரர் முஷ்டி மேலேயே நின்றுவிட்டது. நான் சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். கட்சிக்காரர்கள் நாளைக்கு வீட்டுக்கு வந்து விளக்கம் கேட்பார்களோ என்று அன்று மாலை வரை எனக்கு உறுத்தல்.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலிலிருந்து வந்த வரன் விஷயம் எனக்குத் தெரிந்தது. பையனுக்கு பாங்க் உத்தியோகம். நாங்கள் வருவதற்கு முன்பே பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிவாக்கில். தள்ளிப்போட்டால் பையனுக்கு வேறு நாள் ஒழியாது. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறான் என்பதுவரை தரகர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் இப்போது கரமனையில் சமையலறை வாசலில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். கிணற்றுக்குள் எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பாவம், வந்ததுலேருந்து அவ வீட்டுக்குள்ளேயே இருக்கா. வெள்ளிக்கிழமை பொன்முடிக்கு அழைச்சுண்டு போயேன். குளுகுளுன்னு இருக்கும், அவளுக்குப் பழக்கமான குளிர். போற வழியில வித்துராவுல சாப்டுக்கோங்கோ. மெல்ல இருட்டின அப்புறமா வந்தாப் போறும்."

"வெள்ளிக்கிழமையா?"

"அப்பாதான் சொன்னார். டாக்ஸிக்கும் சொல்லியாச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நாங்கள் கண்ணில் படாமல் இருந்துவிட்டால் தங்கைக்கு நல்லது நடக்கும். நானே கேட்க நினைத்துக் கூசிய ஒன்றை அவர்களே கேட்டுவிட்டார்கள். மனைவியிடம் மலையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் பைக்குள் ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. அதற்குமுன் படியிறங்கிவிட வேண்டும் என்று அப்பா டாக்ஸியைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வண்டியும் வந்தது. பை ஏறியது, தயிர்சாதப் பொட்டலம் ஏறியது. தங்கை தலையில் எண்ணெய் வழிய, பழைய நூல் புடவையும் தோளில் துண்டுமாக வழியனுப்ப வந்து நின்றாள். மூன்று மணிக்குத்தானே, குளித்துச் சீவிக்கொள்ள நேரமிருந்தது. நான் செருப்பையும் போட்டுக்கொண்டுவிட்டேன்.

"உட்காரவில்லையே" என்றாள் என் மனைவி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ருஷ்யர்கள் பிரயாணத்துக்கு முன் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வாய் பேசக்கூடாது. போகிறவர், இருக்கிறவர், குழந்தை, கிழவர், யாருக்கும் விலக்கில்லை. பெட்டி மேலாவது உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவார்கள்.

"இது பிரயாணமே இல்லை, சாயங்காலம் வந்துவிடுவோம்" என்றேன்.

"மலைப்பாதை என்றாய். என் மாமா ஒரு தடவை உட்காராமல் கிளம்பி…"

"நேரமாகிறது!"

"என்ன சொல்றா?" என்று அம்மா கேட்டாள். நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"செய்ய வேண்டியதுதானே! இதுல என்ன வாக்குவாதம்?" என்று அம்மா பாயை விரித்து உட்கார்ந்தேவிட்டாள். அப்பாவையும் ஒரு பார்வை பார்த்தாள். அவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். என் மனைவி நடுக்கூடத்தில் பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்தாள். நானும் சுவரோரமாக உட்கார்ந்தேன். வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. வெளியே டாக்ஸி, டிக்கி திறந்தபடி.

அப்படி நாங்கள் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் படியேறி வந்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது. காலையில் வந்து இறங்கியவர்கள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். அங்கே வைத்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, மூன்று மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்குமே என்று உறைத்திருக்கிறது. சரி, ராகுகாலத்துக்கு முன்பே போய்விடலாம் என்று உடனே கிளம்பியிருக்கிறார்கள். ஒரே ராகுகாலத்துக்குப் பயந்துதான் அவர்கள் வந்தார்கள், நாங்கள் போகப் பார்த்தோம்.

மூன்று பேர். அப்பா, அம்மா, நடுவில் பையன். அந்த அம்மாள் எங்களைப் பார்த்தாள். வாசலில் வண்டி, கூடத்தில் பாய், தலையை விரித்துப்போட்ட பெண், பேச்சுமூச்சு இல்லாத குடும்பம். அவள் முகம் மாறிவிட்டது.

"ஏதானும்… யாருக்கானும்…" என்று இழுத்தாள். "நாங்க வேணும்னா இன்னொரு நாள்…"

எல்லாம் போச்சு, தங்கையின் வாழ்க்கையில் இதோடு இரண்டாவது தடவை மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். என் அப்பா எழுந்திருக்கப் போனார். அதற்குள் என் மனைவி வந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு மிகவும் அன்போடு பெஞ்சைக் காட்டினாள்.

உட்கார்ந்துவிட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்த மூன்று பேரும், ஒரு கேள்வி கேட்காமல், எண்ணெய் வழியும் தங்கைக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். யாருக்காகத் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் மரியாதை தெரிந்தவர்கள். டாக்ஸி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸாரே, போகாம்?" என்று ஆரம்பித்தவர், அப்படியே நின்று தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் என் மனைவி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சரி, கடவுள் துணை" என்று ருஷ்ய மொழியில் சொல்லிவிட்டு எல்லாருக்கும் கை கூப்பினாள்.

யாரும் அசையவில்லை. தங்கைதான் பேசினாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலை, மாமி. அண்ணாவும் மன்னியும் பொன்முடிக்குக் கிளம்பறா. மன்னியோட ஊர்ல கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் செத்த நாழி பேசாம உக்காரணுமாம். நீங்க மூணு மணிக்குத்தானே வரதாச் சொன்னேள், அதான் நான் இந்தக் கோலத்துல இருக்கேன்."

பையன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தங்கைக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதை எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

"ஸாரமில்லே, பரவாயில்லே, நல்ல சம்பிரதாயம்தான்" என்று அந்த அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். டாக்ஸியைத் திருப்பி அனுப்பினோம். சொஜ்ஜிக்கு ரவை வறுக்கவே இல்லை, அம்மா பொட்டலத்திலிருந்த தயிர்சாதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வந்திருப்பது யார் என்று நான் காதில் சொன்னதும் என் மனைவி என்னையும் ஸ்வெட்டர் பையையும் ஒரு பார்வை பார்த்தாள். தங்கையை உள்ளறைக்கு அழைத்துப்போய் அந்த எண்ணெய்த் தலையை அப்படியே வாரி, இறுக்கி, தன் ஊர் வழக்கப்படி தலையைச் சுற்றிப் பின்னலாகக் கட்டிவிட்டாள். தங்கை காபித் தட்டோடு வந்தபோது எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பையன் பாட்டுப் பாடச் சொல்லவில்லை. கணக்கில் எந்த வகுப்புக்கு எடுக்கிறாள் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவனுக்குப் பள்ளியில் கணக்கு வரவே வராதாம். பாங்க்கில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தங்கை கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் மறுபடி சிரித்தான்.

ராகுகாலம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவையும் என்னையும் வாசல் ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சாதுவான குரல்.

"பையனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்களுக்கும் பரிபூர்ண சம்மதம். ஒரே ஒரு சின்ன விஷயம். எங்க பக்கத்துல பெரியவா ஜாஸ்தி, பழங்கால மனுஷா. கல்யாணத்தன்னிக்கு… இவாளுக்கு லீவு கிடைக்கலைன்னு சொல்லிண்டுடலாமே. ருஷ்யா தூரம்தானே, யாரும் தப்பா நினைக்கமாட்டா."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு லீவு கிடைக்குமோடா?"

அந்தக் குரலுக்காகவே எதையும் சொல்லியிருப்பேன். "கிடைக்கறது கஷ்டம்தான்பா" என்றேன்.

அவர் என் தோளைத் தொட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அப்பா பேசிவிட்டார். திரும்பி உள்ளே வந்தபோது அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து நகர்ந்து போவதைப் பார்த்தேன்.

கூடத்தில் என் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னார்கள்?"

"பிடித்திருக்கிறதாம். சம்மதமாம்."

அவள் ஒரு சின்னக் கூச்சல் போட்டாள். சமையலறைக்குப் போய்த் தங்கையைக் கட்டிப்பிடித்து மூன்று தடவை முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். "எப்போது கல்யாணம்? ஊருக்குப் போனதுமே லீவு கேட்டுவிடுகிறேன். கல்யாணம் என்றால் எங்கள் மேலதிகாரி மறுக்கமாட்டாள், அவளே அழுதுவிடுவாள். உனக்கும் கிடைத்துவிடும். உங்கள் அம்மாவிடம் சொல், கவலைப்பட வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வருவோம் என்று."

அம்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு பட்டுப்புடவை, அரக்கு நிறம், கடைக் காகிதம்கூடப் பிரிக்காதது.

"என்ன சொல்றா?" என்றாள்.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காகிதத்தைப் பிரித்துப் புடவையை நீட்டினாள். "இது அவளுக்குன்னு எடுத்து வெச்சது. கல்யாணத்தன்னிக்கு அவா ஊர்ல, அங்கேயே கட்டிக்கச் சொல்லு."

'அங்கேயே'வை விழுங்கிவிட்டு நான் ருஷ்ய மொழியில் ஆரம்பித்தேன். "கல்யாணத்தன்று கட்டிக்கொள்ளச் சொல்கிறாள்…"

என் மனைவி புடவையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த இந்த நாட்களில் அவள் தமிழில் கற்றுக்கொண்ட சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அங்கே?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் அம்மா. "அங்கேதான்."

சமையலறையில் தங்கை டம்ளர்களைக் கழுவிக்கொண்டே தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் புடவையை வாங்கிக்கொண்டாள். ரவிக்கை தைக்க அளவு வேண்டும் என்று அம்மா அவளைத் திருப்பி நிறுத்தி, தோளிலிருந்து தோள்வரை கையால் சாண் போட்டு அளந்தாள். அளந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் இருவருக்கும் நடுவில்தான் நின்றிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.